பாலாற்று மணலில் ஓர் ஊற்று: துக்கத்தைப் பேசும் அமைதியான ஊகப் புனைவு, தொடக்க வாசகர்களுக்கு

வட ஆற்காட்டு ஊர்களில் சாவு வீட்டுக் காரியத்தை ஒட்டி இரவில் தெருக்கூத்து வைப்பது பழைய வழக்கம். பெரும்பாலும் ஆடுவது கர்ண மோட்சம்தான். முகவீணையும் மிருதங்கமும் தாளமுமாக விடிய விடிய நடக்கும். அம்பு பட்டுக் கிடக்கும் கர்ணனைக் குந்தி மடியில் கிடத்தி "மகனே" என்று அழும் கட்டம் வரும்போது பந்தலில் இருக்கிற பெண்களும் வாய்விட்டு அழுவார்கள்.

அந்த வீட்டில் இறந்தவர் போர்க்களத்தில் சாகவில்லை. சர்க்கரை வியாதியிலோ பைக் விபத்திலோ போயிருப்பார். அப்படியிருந்தும் இந்தக் கதை ஏன் அங்கே பொருந்துகிறது? கர்ணன் யார் பிள்ளை என்பது அவன் உயிர் பிரிகிற நேரத்தில்தான் ஊரறிய வெளிப்படுகிறது. தெரிந்தவள் சொல்லாமலே இருந்தாள். கூடவே வாழ்ந்த மனைவி பொன்னுருவி அவன் பிறப்பை அறியாமலே குடும்பம் நடத்தினாள். ஒரு மனிதர் போன பிறகு அவரைப் பற்றி நமக்குத் தெரியாமல் இருந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க உட்காருகிறோம். துக்கத்தின் பெரும்பகுதி அந்தக் கணக்குதான். பந்தலில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

இந்தக் கணக்கையே மையமாக வைத்து, உலகில் நடக்க முடியாத ஒரே ஒரு விஷயத்தைக் கதைக்குள் கொண்டுவந்து, அதிர்ச்சியோ அலறலோ இல்லாமல் எழுதப்படும் நாவல் வகை ஒன்று உண்டு. அதை அமைதியான ஊகப் புனைவு என்று சொல்லலாம். அதன் உறுப்புகள் என்ன, எப்படி இயங்குகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதை, வேலூரில் நடப்பதாக ஒரு மாதிரிக் கதையைக் கட்டிக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஊகம் என்பது எவ்வளவு, அமைதி என்பது எது

"இப்படி ஒன்று இருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டு எழுதுவது ஊகம். அறிவியல் புனைவு, மாயக்கதை, பேய்க்கதை எல்லாமே அந்தக் கேள்வியில்தான் பிறக்கின்றன. அமைதியான வகையில் அந்தக் கேள்வி சிறியதாக இருக்கும். வேற்றுக்கிரகத்தார் வரமாட்டார்கள், ஊர் அழியாது, யாரும் யாரையும் காப்பாற்ற ஓடமாட்டார்கள். ஒரு வீட்டில், ஒரு தெருவில், மிஞ்சினால் ஓர் ஆற்றங்கரையில் மட்டும் இயற்கையின் விதி ஓர் இழை பிசகியிருக்கும். அரசாங்கம் விசாரிக்க வராது, தொலைக்காட்சிக்காரர்களும் வரமாட்டார்கள். வந்தால் கதை வேறு வகைக்குப் போய்விடும்.

பேய்க்கதையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பேய்க்கதையில் இறந்தவருக்கு நம்மிடம் ஏதோ வேண்டும்: பழி, படையல், நியாயம். இங்கே இறந்தவருக்கு எதுவும் வேண்டாம். வேண்டியதெல்லாம் இருப்பவருக்குத்தான்.

அமைதி என்றால் ஒன்றும் நடக்காது என்றும் பொருளில்லை. சாவு வீட்டில் மூன்றாம் நாள் யாரும் கத்துவதில்லை. ஆனால் அன்றுதான் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி எழும். கைபேசிக்கு வரும் அழைப்பை எடுப்பதா விடுவதா என்று ஒரு தயக்கம் வரும். இறந்தவரின் செருப்பை வாசலிலிருந்து யார் நகர்த்துவது என்று யாரும் பேசாமல் ஒரு போட்டி நடக்கும். இந்த வகை நாவலின் நிகழ்ச்சிகள் இந்த அளவில்தான் இருக்கும்.

மாதிரிக் கதை: விருதம்பட்டு, பாலாறு, ஒரு தோல் ஷாப்பு மேஸ்திரி

வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே பாலாறு. வடகரையில் விருதம்பட்டு. அங்கே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. அவள் கணவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. காலை பஸ் பிடித்துப் போய் இரவு திரும்புவார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். மாசி மாதம் இறந்துபோகிறார். பிள்ளைகள் இருவர்: பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், ஆம்பூரில் கட்டிக்கொடுத்த மகள். கூடவே ஒரு நாத்தனார். அவள் வாய் மூடாது.

இனி ஊகம். பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் ஆறு. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே ஓடாதபோது மணலுக்கு அடியில் ஓடுகிறது என்பது கரையோர மக்களுக்குத் தெரிந்த செய்தி. ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன ஊர்கள் இங்கே நிறைய. கையால் ஊற்று தோண்டி, கொட்டாங்குச்சியில் மொண்டு, குடத்தில் ஊற்றிய பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

நம் கதையில் ஒரே ஒரு மாற்றம். துக்கத்தில் இருப்பவர் தன் கையால் ஊற்று தோண்டினால், தண்ணீர் சுரக்கும் நேரத்தில் அவருக்கு மட்டும் இறந்தவரின் குரல் கேட்கும். அவர் உயிரோடு இருந்தபோது என்றோ ஒருநாள் பேசிய பேச்சு. ஆனால் தோண்டுகிறவரிடம் அவர் பேசியது எதுவும் கேட்காது. பிறரிடம் பேசியது மட்டுமே கேட்கும்.

இந்தக் கடைசி விதியில்தான் நாவல் இருக்கிறது. "செத்த கணவரின் குரல் கேட்கிறது" என்று மட்டும் வைத்தால் அது ஆறுதல் கதை. அவள் போய்க் கேட்பாள், அழுவாள், திரும்புவாள். 20 பக்கத்தில் முடிந்துவிடும். "பிறரிடம் பேசியது மட்டும்" என்று வைத்ததும் அவளுக்குத் தெரியாத மனிதர் ஒருவர் மணலிலிருந்து எழுந்து வருகிறார்: ஷாப்பில் மேஸ்திரி, டீக்கடையில் கடன்காரர், தங்கைக்கு அண்ணன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர். வீட்டில் பேசாதவர் வெளியே பேசியிருக்கிறார். கேட்கக் கேட்க அவளுக்குச் சந்தோஷமா, பொறாமையா, கோபமா? மூன்றும்தான், மாறி மாறி.

விதியை எழுதி வையுங்கள்

தொடக்க எழுத்தாளர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஊகம் மனதில் தோன்றியதும் முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். நாலாவது அத்தியாயத்தில் கதைக்கு ஒரு சௌகரியம் தேவைப்படும். உடனே விதியை வளைப்பார்கள். வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் கண்ணீரையும் அவர் நம்பமாட்டார்.

அதனால் கதைக்கு முன்பே ஒரு தாளில் ஐந்து கேள்விக்கு விடை எழுதிவிட வேண்டும். யாருக்கு நடக்கும்? எவ்வளவு நேரம்? எதைத் தராது? என்ன விலை? எப்போது நின்றுபோகும்? கற்பனையில் தேடுவதைவிட நிலத்திலேயே விடை தேடுவது நல்லது. நிலத்துக்கு ஏற்கெனவே விதிகள் இருக்கின்றன.

ஊற்று தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் வருவது கலங்கல். அதை மொண்டு கொட்டிவிட்டுக் காத்திருந்தால்தான் தெளிந்த தண்ணீர் ஊறும். அப்படியே குரலும்: முதல் சில நிமிடம் சொல் பிரியாது, இரைச்சல்தான். பொறுமை இல்லாதவருக்குக் கிடைப்பது தவறான வார்த்தைகள். கொஞ்ச நேரத்தில் ஓரத்து மணல் சரிந்து குழி தூர்ந்துவிடும். பேச்சும் பாதியில் அறுந்துபோகும். எதிரில் இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பது கேட்கவே கேட்காது. மணல் அள்ளிக் கட்டாந்தரை தெரிகிற இடத்தில் ஊற்றும் இல்லை, குரலும் இல்லை. தோல் கழிவு இறங்கிய பகுதியில் தண்ணீர் உப்புக் கரிக்கும். அங்கே குரல் வரும், ஆனால் அது அவருடையதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்தக் கழிவு பற்றிய வழக்கில்தான் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாவலில் அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. கணவர் உழைத்த தொழிலே கணவரின் குரலைக் கலங்க வைக்கிறது என்று அந்தப் பெண் தானே உணர்ந்தால் போதும்.

இப்போது அளவைப் பாருங்கள். உலர்ந்த ஆற்று மணல் செங்குத்தாக நிற்காது. ஏறக்குறைய 34 டிகிரி சரிவில்தான் தங்கும். அதனால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி வேண்டுமானால் மேல்வாய் மூன்று முழ அகலம் இருக்க வேண்டும். அள்ள வேண்டிய மணல் சுமார் 350 கிலோ. ஒரு இரும்புச் சட்டிக்கு 15 கிலோ என்று வைத்தால் 23 சட்டி. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மூச்சு வாங்க வாங்கத் தனியாக அள்ளிவிடலாம். ஆழம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்காகும். இரண்டு முழத்துக்கு 2.8 டன், 180 சட்டிக்கு மேல். அடிமணல் ஈரமாக இருந்தால் கொஞ்சம் செங்குத்தாக நிற்கும், கணக்கு கொஞ்சம் குறையும். அப்போதும் ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை.

பங்குனியில் ஒரு முழத்தில் தண்ணீர். கத்திரி வெயில் வரும்போது, மே மாதத்தில், இரண்டு முழம். ஆக மே மாதத்தில் அவளால் தனியாகத் தோண்ட முடியாது. யாரையாவது கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?

இந்த மணல் கணக்கு அலங்காரத்துக்காகச் சொல்லப்பட்டது இல்லை. துக்கத்தில் இருப்பவரைத் தனிமையிலிருந்து பெயர்த்து, உயிரோடிருக்கிற இன்னொருவரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது இந்த எட்டு மடங்குதான். நல்ல ஊகத்தை இதை வைத்தே அடையாளம் காணலாம்: அதன் குறைபாடு பாத்திரத்தை மனிதர்களிடம் தள்ளும். கெட்ட ஊகம் வேண்டியதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்துவிடும்.

பிறரை அறிதல் என்ற பாதி

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது பழமொழி. துக்க நாவலில் பலர் இதை மறந்து, இறந்தவரின் மர்மத்தை அவிழ்ப்பதே அறிதல் என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இரண்டாம் குடும்பம், மறைத்த கடன், தெரியாத பிள்ளை என்று கடைசி அத்தியாயத்தில் ஒன்று வெடிக்கிறது. வெடித்ததும் என்ன ஆகிறது? அந்த மனிதர் ஒரு விடையாகச் சுருங்கிப்போகிறார். "ஓ, அதனால்தான் அவர் பேசவில்லை" என்று வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். வாழ்க்கையில் எந்த மனிதரும் ஒரே விடைக்குள் அடங்குவதில்லை.

நம் மேஸ்திரியிடம் எந்த மர்மமும் வேண்டாம். அவள் கேட்கும் முதல் தெளிவான பேச்சு இப்படி இருக்கட்டும்:

"துன்னியாடா? … இன்னாத்த துன்ன, டீ பன்னு ஒரு சாப்பாடா. தோ, இந்த டப்பாவ எடுத்துக்கினு அந்தாண்ட போய் உக்காரு. எனக்கு வோணாம், வவுறு சரியில்ல."

ஷாப்பில் வேலைக்கு வந்த பையன் யாரிடமோ பேசியிருக்கிறார். டப்பாவில் இருந்தது அவள் விடியற்காலை எழுந்து கட்டிக் கொடுத்த சாப்பாடு. எத்தனை நாள் இப்படிக் கொடுத்தார்? சாயந்திரம் காலி டப்பாவைத் தேய்க்கும்போது "நல்லா துன்னாரு" என்று அவள் நினைத்ததெல்லாம்? இது நல்ல குணமா, அவளை ஏமாற்றியதா? ஒரு பருக்கைச் சோறு அளவு செய்தி. இதை வைத்து 15 பக்கம் எழுதலாம், எழுத வேண்டும். முதலில் அவள் கோபப்படட்டும். பிறகு அந்தப் பையன் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படட்டும். பஸ் ஏறி ராணிப்பேட்டைக்குப் போகட்டும். சுண்ணாம்புக் குழி நாற்றத்தையும் சுற்றுகிற டிரம்மையும் முதல்முறை பார்க்கட்டும். முப்பது வருடம் தோய்த்துக் காயப்போட்ட சட்டையில் இருந்தது இந்த நாற்றம்தான் என்று அவளுக்குப் புரியும். பையனைப் பார்க்கும்போது, டப்பாவைப் பற்றிக் கேட்க வாய் வராது. அவன் சொல்வது வேறு ஏதோ: "மேஸ்திரி ரொம்பத் திட்டுவாரும்மா." அதுவும் அவர்தான்.

பேச்சுநடையில் ஒரு எச்சரிக்கை. வட ஆற்காட்டுப் பேச்சில் "இன்னா", "வூடு", "வந்துக்கினு", "அப்பால" எல்லாம் உண்டு. சினிமாவில் இதைச் சிரிப்புக்கு வைத்துப் பழக்கிவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவர் வாயில் இதே சொற்கள் எவ்வளவு கனமாக வரும் என்று காது கொடுத்துக் கேட்டு எழுத வேண்டும். எழுத்துத் தமிழில் அவளை அழவைத்தால் அவள் விருதம்பட்டுக்காரியாக இருக்கமாட்டாள். அவள் நாத்தனார் "அண்ணீ, இப்பிடியே குந்திக்கினு இருந்தா ஆச்சா, ஒரு வாய் துன்னு" என்று சொல்வதில் இருக்கிற அதிகாரமும் பாசமும், அப்படியே எழுதினால்தான் வரும்.

இன்னொரு பாத்திரம் வேலூர் இலவசமாகத் தருகிறது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகளும் சாப்பாட்டுக் கடைப் போர்டுகளும் வங்காள எழுத்தில். கூட வந்தவர்கள் மாதக்கணக்கில் அறை எடுத்து, சமைத்துச் சாப்பிட்டுக் காத்திருக்கிறார்கள். சிலர் வந்ததுபோல ஜோடியாகத் திரும்புவதில்லை.

அப்படித் தனியாகிப்போன வங்காளப் பெண் ஒருத்தியை நம் கதைக்குள் கொண்டு வாருங்கள். மே மாதத்து இரண்டு முழக் குழிக்கு உதவிக்கு வருவது மகனோ மகளோ இல்லை, இவள்தான். ஏன்? பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல வேண்டும். இவளிடம் சொல்ல மொழியே இல்லை. முதலில் நம் ஆள் தோண்டுகிறாள், இவள் மணலை அள்ளி வெளியே கொட்டுகிறாள். இன்னொரு நாள் இவள் தோண்டுகிறாள். குரல் தோண்டுகிறவருக்கு மட்டுமே கேட்கும் என்பதால் நம் ஆளுக்கு எதுவும் கேட்காது. கேட்டாலும் வங்காளம் புரியாது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்க்கிறாள். முகம் சிரிக்கிறது. பிறகு உதடு இறுகுகிறது. பிறகு கை மணலைச் சட்டென்று தள்ளிக் குழியை மூடுகிறது. என்ன கேட்டாள்? நாவல் சொல்லக் கூடாது. எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்; பக்கத்தில் வரக் கூடாது. இந்த நாவலில் ஒரே காட்சியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலக் கணக்கு

துக்கத்துக்கு நம் ஊரில் ஏற்கெனவே நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். எரித்த மறுநாளோ மூன்றாம் நாளோ பால், பதினாறில் காரியம், ஆண்டு முடிவில் திவசம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் நாளும் பெயரும் மாறும். எழுதும் முன் அந்தக் குடும்பத்து வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புரட்டாசியில் மகாளய அமாவாசை. கதை மேல்விஷாரத்து முஸ்லிம் வீட்டில் நடந்தால் கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் 4 மாதம் 10 நாள். அவள் ஆற்றுக்குப் போய்வருவதே வேறு கேள்வியாகிவிடும். கத்தோலிக்க வீடானால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இந்த நாள்களை அத்தியாயங்களின் கம்பமாக நடலாம். ஊகம் இவற்றுக்கு நடுவில் இருக்கிற வெற்று நாள்களில் நடக்கட்டும். சடங்கு நாளில் வீடு நிறைய ஆள் இருக்கும். துக்கம் கனப்பது எல்லாரும் போன பிறகு வரும் பதினேழாம் நாள்.

இந்த நிலத்திலேயே இன்னும் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. செங்கம் பகுதியில் நிறைய நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. 1989-ல் மாவட்டம் பிரியும்வரை அதுவும் வட ஆற்காடுதான். ஆநிரை மீட்டு இறந்தவன் பெயர், அரசன் ஆட்சியாண்டு, எப்படிப் பட்டான் என்பது மட்டும் இரண்டு மூன்று வரியில் வெட்டியிருக்கும். எடுத்தனூர்க் கல்லில் எசமானோடு நின்ற நாயையும் பெயரோடு பொறித்திருக்கிறார்கள். அழுகை ஒரு சொல்லிலும் இல்லை. நாயை விடாமல் செதுக்கியதில் இருக்கிறது எல்லாம். அமைதி என்றால் என்ன என்று பாடம் எடுக்க இதைவிடச் சுருக்கமான இடம் கிடையாது.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்து எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. கதைப்போக்கில் திக்கித் திணறுகிறவர்கள் இந்த ஆறையும் அத்தியாயப் பகுதிகளாக வைத்துப் பார்க்கலாம். நீராட்டல் மூன்றாவதாக வருவது நம் ஊற்றுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. பகுதிகளுக்குத் தலைப்பாகப் போட்டுக் காட்டிக்கொள்ள வேண்டாம். அடியில் கிடந்தால் போதும்.

எவ்வளவு நீளம், எத்தனை தடவை

35,000 முதல் 45,000 சொற்கள் போதும். இதற்கு மேல் நீண்டால் ஊகம் பழகிப்போய்விடும். மொத்த நாவலில் ஊற்றுக் காட்சி ஏழுக்கு மேல் வேண்டாம். முதலாவது பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு முன் வீடும் சாவும் மட்டும். ஏழில் இரண்டு தடவையாவது தோற்க வேண்டும்: தோண்டி, காத்திருந்து, ஒன்றும் கேட்காமல் திரும்புகிற நாள்கள். ஒரு தடவை யாருக்கும் சுவாரசியமில்லாத பேச்சு கேட்க வேண்டும். பஸ் கண்டக்டரிடம் சில்லறை கேட்பது போல. அவள் அதையே மறுபடி மறுபடி நினைத்துக்கொள்வாள். பேச்சின் பொருளைவிடக் குரல்தான் வேண்டியிருந்தது என்பது வாசகருக்கு அங்கேதான் தெரியும்.

பார்வைக் கோணம் ஒருத்தியோடே நிற்கட்டும். கணவரின் மனதுக்குள் போய் ஓர் அத்தியாயம் எழுதும் ஆசை வரும். வந்தால் எழுதி, படித்துப் பார்த்து, நீக்கிவிடுங்கள். பிறரை முழுதாக அறிய முடியாது என்று சொல்கிற கதையில் எழுத்தாளர் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ஊகத்தை மட்டும் மனதால் நீக்கிவிட்டுக் கதையைப் படியுங்கள். ஒன்றுமே குறையவில்லை என்றால் ஊகம் ஒட்டுப்போட்டது. எடுத்துவிட்டு நேரடியான நாவலாக எழுதிவிடலாம், அதில் தாழ்வில்லை. மாறாக, நீக்கினால் எதுவுமே மிஞ்சவில்லை என்றால், ஆள்கள் இன்னும் பிறக்கவில்லை. சாப்பாட்டு டப்பா, பீரோ சாவி, நாத்தனாரின் வாய் எல்லாம் ஊற்று இல்லாமலும் நிற்க வேண்டும்.

வேறு சில கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அந்த விசித்திரம் ஏன் நடக்கிறது என்று விளக்கப் போவது ஒன்று. சாமியார், விஞ்ஞானி, பழைய ஓலைச்சுவடி யாரும் வர வேண்டாம். இரண்டாவது, துக்கம் "ஆறிவிட்டது" என்று காட்டுவதற்காகக் கடைசியில் அவளைச் சிரிக்க வைப்பது. மூன்றாவது, ஊரை அஞ்சலட்டையாக்குவது: கோட்டை, அகழி, 1806 சிப்பாய்ப் புரட்சி, பொற்கோயில் என்று வரிசையாகச் சுற்றிக் காட்டுவது. விருதம்பட்டுக்காரி கோட்டையைப் பஸ் ஜன்னலில்தான் பார்ப்பாள். நான்காவது கொஞ்சம் நுட்பமானது. குரலைக் கேட்டதை அவள் எல்லாரிடமும் சொல்லி, யாரும் நம்பாமல், பைத்தியம் என்று பேச்சு கிளம்புவது. இந்தத் திருப்பம் கைக்கு எளிதாக வரும். வந்ததும் கதை "உண்மையா, பிரமையா" என்ற வழக்காடலாகிவிடும், இறந்தவர் மறந்துபோவார். அவள் ஒரே ஒருவரிடம் சொல்லட்டும். அவரும் நம்பட்டும். "என்னையும் ஒருநாள் கூட்டினு போ" என்று நாத்தனார் கேட்டால் அதற்கு அவள் என்ன செய்வாள் என்பது பைத்தியப் பட்டத்தைவிடப் பெரிய சிக்கல். அண்ணன் தங்கையிடம் பேசியதை அண்ணி கேட்டிருப்பாள். அண்ணன் அண்ணியிடம் பேசியதைத் தங்கை கேட்பாள். ஒருத்திக்குக் கிடைக்காதது இன்னொருத்தியிடம் இருக்கும். கேட்டதை நாத்தனார் அப்படியே சொல்வாளா, கூட்டிச் சொல்வாளா? சொன்னதை நம்புவதா? வாயாடியாக மட்டும் தெரிந்த நாத்தனார் இங்கே நாவலின் நடுவுக்கு வந்துவிடுகிறாள்.

வாசகராக மட்டும் இருக்க விரும்புகிறவருக்கு ஒரு வார்த்தை. இத்தகைய நாவலைப் படிக்கும்போது "அது என்ன, எப்படி நடக்கிறது" என்று துருவாமல், "இது யாருக்கு எதைத் தர மறுக்கிறது" என்று கேட்டுப் படியுங்கள். மறுக்கிற இடத்தில்தான் கதை ஓடிக்கொண்டிருக்கும்.

எப்படி நிற்பது

ஐந்து கேள்வியில் கடைசி: எப்போது நின்றுபோகும்? அதற்கும் ஆறே விடை வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் பாலாறு வரும். 2021 நவம்பரில் வந்ததைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மணல் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லாமல் கரைக்குக் கரை செந்நீர் ஓடியது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. வெறும் மணலை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். பல ஊர்களில் ஆறு வந்தால் மஞ்சளும் பூவும் விட்டுக் கும்பிடுவார்கள்.

நம் கதையிலும் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ ஆறு வரட்டும். அவள் ஏழாவது ஊற்றுக்கு இடம் பார்த்து வைத்திருந்தது எங்கே என்று இனி யாராலும் காட்ட முடியாது. ஊரெல்லாம் சந்தோஷமாக இருக்கிற நாளில் அவளுக்கு மட்டும் அவர் இரண்டாம் முறை போகிறார். இதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது. வங்காளப் பெண் ஆடியிலேயே ஊர் திரும்பிவிட்டாள். பக்கத்தில் நாத்தனார் நிற்கிறாள். அவளும் ஒரே ஒரு முறை தோண்டியவள். என்ன கேட்டாள் என்று இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இருவரும் சாய்ந்திருக்கிறார்கள். நாத்தனார் மடியிலிருந்து பூவை எடுத்துப் பாதியைப் பிய்த்து அண்ணி கையில் வைக்கிறாள். தண்ணீர் இரைச்சலில் அவள் ஏதோ சொல்கிறாள். அண்ணிக்குக் காதில் விழவில்லை. "இன்னா சொன்ன?" என்று கேட்கிறாள்.